குளத்துக்கு ஒரு வாய்

கேளுங்கள், என் வயதுக் கிழங்களே. நேற்று சாயங்காலம் ஏரிக்கரையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருந்தீர்கள். பழவேற்காட்டில் நமக்கு ஒரு குப்பம் இருந்ததாம், அதைக் கடல் கொண்டு போய்விட்டதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடல் செய்த பாவம் எத்தனையோ உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது அதன் கணக்கில் சேராது. நம் குப்பத்தைக் கலைத்தது ஒரு மண்வெட்டி. அதைப் பிடித்திருந்தவர் என் நைனா. பக்கத்தில் நின்று "வெட்டு, வெட்டு" என்று கத்தியவர்கள் உங்கள் வீட்டு ஆண்கள். குழந்தைகளாக இருந்த நாமெல்லாம் மணல்மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் ஒரு மணல் திட்டு; அதன்மேல் நம் குடிசைகள். ஏரி என்றால் இங்கே இருப்பதுபோல் நல்ல தண்ணீர் ஏரியா? கடலோடு வாய் கலந்த உப்பேரி. அக்கரையில் பட்டணம். ஒல்லாந்தர் கோட்டைக் கொடி நம் கரையிலிருந்தே தெரியும். காலையில் கோட்டையில் பீரங்கி வெடித்தால் நண்டுகள் வளைக்குள் ஓடும், அம்மா அடுப்பு மூட்டுவாள். இரண்டு உப்புத் தண்ணீருக்கும் நடுவில் நமக்குக் குடிக்க ஒரே ஓர் ஊற்று இருந்தது. மணல்மேட்டின் அடியில் கையால் மணலைப் பறித்தால் தண்ணீர் சுரக்கும், கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் ஊர் வம்பு முழுவதும் பேசி முடித்துவிடுவார்கள்.

பிறகு அந்தப் புயல் வந்தது. கடல் மேட்டைத் தாண்டி ஏரியில் இறங்கிப் போனது. குடிசைகளைத் திரும்பக் கட்டிக்கொண்டோம். ஊற்று மட்டும் உப்பாகிவிட்டது.

அதன் பிறகு தண்ணீருக்குப் பட்டணம்தான். ஏரியில் தண்ணீர் இருக்கும்வரை தோணியில் போய்விடலாம். கோடையில் ஏரி வற்றிச் சேறாகிவிடும், தோணி தட்டும். பெண்கள் முழங்கால் சேற்றில் குடத்தோடு நடந்து போய், பட்டணத்து மரக்காயர் வீட்டுக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு திரும்பி நடப்பார்கள். அந்த வீட்டம்மா ஒரு நாளும் இல்லையென்று சொன்னதில்லை. கிணறு இருந்தது, மனசும் இருந்தது. நடுவிலிருந்த சேற்றைத்தான் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த முதல் கோடையில் அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது. நிறைகுடத்தோடு சேற்றில் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அம்மா அழுததை நான் பார்க்கவில்லை; நைனாதான் அழுதார், தோணிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி. பிறகு எழுந்து வந்து அம்மாவிடம், "இன்னொரு வாட்டி உன்ன வயித்துல புள்ளயோட அந்தச் சேத்துல கால் வெக்க வுட மாட்டேன்மே. வெச்சா நான் மனுசன் இல்ல" என்றார்.

ஊர்க்கூட்டம் கூடியது. குப்பத்துப் பெரியவர் நல்ல மனிதர், தொண்டை மட்டும் பெரிது. "தண்ணி இல்லாத எடத்துல மனுசன் இன்னாத்துக்குக் குந்திகினு கெடக்கணும்? மூட்டையக் கட்டிகினு அக்கரைக்குப் போயிடலாம்" என்றார். அக்கரை என்றால் கடல் இல்லை, வலை இல்லை, அடுத்தவன் நிலத்தில் கூலி. எல்லோரும் தலை குனிந்து மணலைக் கீறிக்கொண்டிருந்தார்கள். நைனா எழுந்தார்.

"ஒரே ஒரு மழைக்காலம் குடுங்க, பெரியவரே. பெய்யற மழையெல்லாம் மணல்ல பூந்து ஏரிக்கு ஓடிப் போவுது. மீனுக்கு வலை கட்டத் தெரியுது நமக்கு, மழைக்குக் கட்டத் தெரியாதா?"

"மழைக்கு வலையா?" என்று பெரியவர் சிரித்தார். "வலைக் கண்ணி எத்தினி வெரல் அகலம்டா வெக்கப் போற?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் சம்மதித்தது. ஒரு குளம் வெட்டுவது; அடுத்த கோடை முடியும்வரை அதில் தண்ணீர் நின்றால் குப்பம் இருக்கும். நிற்காவிட்டால் எல்லோரும் கிளம்ப வேண்டியது.

ஆடிக் காற்றில் வேலை ஆரம்பமானது. இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்ததே, நாம் ஒளிந்து விளையாடிய இடம், அதைத்தான் நைனா தேர்ந்தெடுத்தார். ஆழமாக வெட்ட விடவில்லை. "கீழ உப்பு கீது, அத்த எழுப்பாதீங்க. அகலமா வுடுங்க" என்பார். சோற்றுத் தட்டு மாதிரி அகலமாக, ஆழமில்லாமல் வெட்டினார்கள். மேட்டுச் சரிவில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். மழை இறங்கும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்று வர வேண்டும் என்று. ஏரிப் பக்கம் தண்ணீர் ஓடிப்போகும் ஓடையை மறித்து ஒரு கரை. கிழிந்த வலைகளில் சிப்பியும் மணலும் திணித்து, அடுக்கி, மேலே மண் போட்ட கரை. அதன்மேல் தாழங்கன்று நட்டார். கடல் பக்கத்து மேட்டில் மணல் பறந்து வந்து குளத்தைத் தூர்க்காமலிருக்க அடம்பங்கொடி பரப்பினார். தண்ணீர் நுழையும் இடத்தில் கோரை.

அக்கரையிலிருந்து தோணி தோணியாகக் களிமண் வந்தது. குளத்தின் அடியில் பரப்பி மிதிக்க வேண்டும். ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று முறை வைப்போமே, பாடு என்று, அதேபோல் மிதிப்பதற்கும் பாடு போட்டார்கள். நம் வீட்டுப் பாடு வந்த நாளில் அம்மாவும் நானும் கைகோத்துக்கொண்டு மிதித்தோம். விரலிடுக்கில் சில்லென்று களிமண் பிதுங்கும். அந்தக் குளிர்ச்சியை இப்போதும் என் உள்ளங்கால் மறக்கவில்லை. கருவாட்டுக்காரி ஒருத்தி இருந்தாளே, ஊரையே நாள் முழுக்கத் திட்டுகிறவள், அவள் மட்டும் வரமாட்டேன் என்று முரண்டினாள். "மீன் காய வெக்கற எடத்துல குளம் ஒரு கேடா இவனுக்கு?" என்றாள். மறுநாள் அவளே வந்து எல்லோரையும்விட வேகமாக மிதித்தாள், திட்டிக்கொண்டே.

அப்புறம் அந்தப் பீப்பாய். ஏதோ கப்பலிலிருந்து விழுந்து கரையொதுங்கிய பீப்பாய், ஒரு பக்கம் மூடி இல்லை. நைனா அதன் அடியைத் தட்டி எடுத்துவிட்டுக் குளத்தின் நடுவில் இறக்கினார். கோடையில் தண்ணீர் குறையும்போது அதற்குள் ஊறும், மொண்டுகொள்ளலாம் என்று. அதில் புளித்த சாராய வாடை அடிக்கும். நாம் தலையை உள்ளே விட்டுக் கத்துவோம், குரல் குண்டாகத் திரும்பி வரும். எந்த மரத்தில் செய்ததோ, அவ்வளவு வழவழப்பான மரத்தை நான் பிறகு தொட்டதேயில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சரிவுக் குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பி வழிந்தன. கோரை வழியாகக் கலங்கலாக நுழைந்த தண்ணீர் இரண்டு நாளில் தெளிந்தது. குளத்தில் முதல் குடம் மொண்டவள் அந்தக் கருவாட்டுக்காரிதான். குடித்துவிட்டு, "பாயசம்டி!" என்று கூவினாள். தட்டான்கள் வந்தன. கொக்கு வந்தது. கார்த்திகையில் தவளை கத்தியது. நம் திட்டில் அதுவரை யாராவது தவளைச் சத்தம் கேட்டதுண்டா? அம்மா வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "இன்னாய்யா இது, இருமற மாரி கீது!" என்று சிரித்தாள். பிள்ளை போனதற்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நைனா குளத்தைப் பார்ப்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே மழைக்காலத்தில்தான் ஏரிக்கு வாய் வெட்டினோம். இதையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், இது தெரியாமல் மற்றது புரியாது. ஏரி கடலில் சேரும் இடத்தை மணல் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஏரித் தண்ணீர் பச்சையாகும், நாறும், மீன் செத்து மிதக்கும். எல்லாக் குப்பத்து ஆண்களும் பறையடித்துக்கொண்டு போய் மணலை வெட்டுவார்கள். ஒரு சாண் அகலம் வெட்டினால் போதும், மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் தோணி போகிற அகலம் ஆகிவிடும். ஏரி உயிர் பெறும், இறால் வரும், ஊர் சாப்பிடும். "வாயடைச்ச தண்ணி செத்த தண்ணி" என்பார்கள். அதைத் தாய்ப்பாலோடு சேர்த்துக் குடித்தவர்கள் நாம்.

மார்கழியோடு மழை நின்றது. தை வெயில் ஏறியது. ஒரு காலையில் அம்மாவோடு போனேன். குளம் பச்சையாக இருந்தது. ஓரமெல்லாம் பாசி, லேசாக ஒரு வாடை. அம்மா குடத்தின் அடியால் பாசியை விலக்கி மொண்டாள். பின்னால் வந்த பெண்கள் குடத்தை இறக்கவேயில்லை.

பொழுது ஏறுவதற்குள் ஊரே மேட்டில் நின்றது.

"அழுவிப் போச்சுடா" என்றார் பெரியவர். "வாயில்லாத தண்ணி பின்ன இன்னா ஆவும்? ஒரு வாய் வெட்டி வுடு. கெட்டது போயி மூச்சு வுடட்டும், அப்பால அடைச்சிக்கலாம்."

"இது ஏரி இல்ல, பெரியவரே. மழைத் தண்ணி. கொஞ்ச நாள் பொறுங்க."

"ஒல்லாந்தன் கோட்டையச் சுத்தி அகழி வெட்டிகீறானே, அதுக்கு ஏரியிலேர்ந்து வாய் வெச்சிகீறானா இல்லியா? அத்தினி கப்பல் ஓட்டறவன் இன்னா முட்டாளா?"

இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அகழித் தண்ணீரை யாராவது குடிக்கிறார்களா? எதிரி தாண்டாமலிருக்க வெட்டியது அது. அங்கே நின்ற அத்தனை பெரிய தலைகளில் ஒன்றுக்கும் அது உறைக்கவில்லை. நைனாவுக்கும்தான். அம்மாதான் முன்னால் வந்தாள். எல்லோர் கண்ணெதிரே குடத்தைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். "நல்லாத்தான் கீது. நான் குடிக்கிறேன். எனுக்கு இன்னா ஆவுதுன்னு பாத்துட்டு அப்பால வெட்டுங்க" என்றாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. நைனா அவளைப் பார்த்த பார்வையை நான் என்னவென்று சொல்வேன்! சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மறுநாள் காலையில் அம்மா குளக்கரையிலேயே குனிந்து வாந்தி எடுத்தாள். குடல் வெளியே வந்துவிடும்போல எடுத்தாள். தண்ணீருக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். நொடியில் ஊர் கூடியது.

"இன்னும் இன்னாத்துக்குடா பாத்துகினு கீற?" என்று பெரியவர் நைனாவைப் பிடித்து உலுக்கினார். "ஒரு புள்ளயத் தண்ணிக்குக் குடுத்த. பொண்டாட்டியையும் குடுக்கப் போறியா?"

நைனா யாரோ நீட்டிய மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கரைமேல் ஏறினார். அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"வோணாய்யா! வெட்டாத! தண்ணியால இல்ல!"

"பின்ன எதாலமே? சொல்லு, எதால?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், திறந்ததைப் பார்த்தேன். சுற்றிலும் அத்தனை கண்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், அடுத்தது வயிற்றில் அசையும்வரை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அதுவும் தங்காது. இது நம் பெண்களின் கட்டு. உங்கள் தாய்மார்களும் அதற்குப் பயந்தவர்கள்தான். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

நைனா அவள் கையை விலக்கிவிட்டு வெட்டினார்.

ஒரு சாண் அகலம்தான் வெட்டினார். அடைத்துக்கொள்ளலாம் என்றுதான் வெட்டினார். மீதியைத் தண்ணீர் வெட்டிக்கொண்டது. கரையிலிருந்த தாழங்கன்றுகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. ஆண்கள் மூட்டை மூட்டையாக மணல் போட்டுப் பார்த்தார்கள், போட்டதெல்லாம் கரைந்து போனது. பீப்பாய் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தது. மழைக்காலம் முழுக்கச் சேர்த்த தண்ணீர் அன்று பகலிலேயே ஏரியில் போய்ச் சேர்ந்தது. பௌர்ணமிக்கு ஏரியில் தண்ணீர் ஏறியதும் அதே வாய் வழியாக உள்ளே வந்து நின்றது. பச்சை போய்விட்டது, பளிங்குபோல் இருந்தது. பெரியவர் மேட்டில் நின்று, "பாத்தியா, உசுரு வந்துச்சு!" என்றார்.

அதில் இறால்கூட வந்தது! நாமெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கி அள்ளினோம், ஞாபகம் இருக்கிறதா? பீப்பாய்க்குள்ளிருந்து மட்டும் நான் ஒரு மடி பிடித்தேன். அன்றைக்கு ஊரெல்லாம் இறால் குழம்பு வாசனை. அம்மா குழம்பு வைத்தாள், சாப்பிடவில்லை. குளத்துத் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அப்புறம் தவளை கத்தவில்லை.

பங்குனியில் ஒரு நாள் நைனா வலை முடைந்துகொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"அசைஞ்சிச்சுய்யா" என்றாள்.

நைனாவுக்கு முதலில் சந்தோஷம். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "எத்தினி மாசம்?" என்று கேட்டார். நைனா தானே விரலை மடக்கினார். தை மாதம் வந்ததும் விரல் நின்றது. வலை ஊசி கையிலிருந்து விழுந்தது. எழுந்து பள்ளத்துக்கு ஓடினார். நான் பின்னாலேயே போனேன். அந்த உடைந்த கரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி வாயை அடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது முழுக்க உப்பு. உப்பை அடைத்து வைத்து என்ன செய்வார் பாவம்?

ஏரி வற்றியது. நைனா தானே குடத்தை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். குடம் தூக்கிய ஆம்பிளையைப் பார்த்து ஊர் சிரித்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருடைய அப்பன்மாரும் சிரித்தார்கள். பேர் சொல்ல மாட்டேன். அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் கடலுக்குப் போனால்தானே அடுப்பு எரியும்? ஒரு முறை கடலுக்குப் போனவர்கள் காற்று மாறி, சொன்ன நேரத்துக்குத் திரும்பவில்லை. பானையில் தண்ணீர் தீர்ந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டால் அவர்கள் பானையும் அப்படித்தான். அம்மா குடத்தை எடுத்தாள். சொம்பை எடுத்துக்கொண்டு நான் கூடப் போனேன்.

மரக்காயர் வீட்டம்மா அவளைப் பார்த்ததும் பதறினாள். "யா அல்லா, இந்த வயித்தோடயா வந்தே? உள்ள வந்து படு. வெயில் தாழட்டும்."

"எங்காளு கடல்லேர்ந்து தாகத்தோட வரும்மா. வூட்டுல ஒரு சொட்டு இல்ல" என்றாள் அம்மா.

திரும்பி வருகையில், பாதிச் சேற்றில் அம்மா நின்றாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, ஒரு துளி சிந்தாமல், சாயாமல் நிறுத்தி வைத்தாள். பிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கத்தியதில் பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவள் கருவாட்டுக்காரி. அன்று அவள் யாரையும் திட்டவில்லை. அந்தக் குடத்துத் தண்ணீரை ஊற்றித்தான் அம்மாவைக் கழுவினார்கள். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை; ஆண்பிள்ளை என்று சொன்னார்கள்.

நைனா திரும்பி வந்தபோது வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை.

அதற்குப் பிறகு யாரும் கூட்டம் போடவில்லை. ஒவ்வொரு வீடாக மூட்டை கட்டியது. பீப்பாயை யாரோ பிளந்து அடுப்பெரித்துவிட்டார்கள். நாம் இப்படி மேற்கே நடந்து, இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தோம். இதுதான் நடந்தது. இனி ஒருவரும் கடலைச் சொல்லாதீர்கள். சொன்னால் நான் நடுவில் எழுந்து வந்து பிள்ளைகள் முன்னாலேயே மறுப்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இது உங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் இங்கே வந்து சேர்ந்த அன்று நைனா தலையில் மூட்டை, அம்மா இடுப்பில் காலிக் குடம். நேராக ஏரித் துறைக்கு வந்தோம். துறை முழுக்கப் பாசி, பச்சைப் பசேலென்று. இந்த ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள், குடத்தின் அடியால் பாசியை விலக்கினாள், மொண்டாள், கிளம்பினாள்.

"ஏம்மா, இத்தயா குடிக்கிறீங்க?" என்று நைனா கேட்டார்.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள். "பின்ன? வெயில் அடிச்சா பச்சையாவும், அப்பால தானா அடியில போயிடும். வெலக்கிட்டு மொள்ள வேண்டிதுதான். எங்கேர்ந்து வரீங்க நீங்க?"

நைனா அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

அம்மா துறையில் இறங்கினாள். குடத்தின் அடியால் பாசியை விலக்கினாள், அன்று விலக்கியதுபோலவே. ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு திரும்பி நைனாவைப் பார்த்தாள். குரலில் கோபமில்லை; கோபம் இருந்திருந்தால் அவர் மனசு பிழைத்திருக்கும்.

"இதுவும் பச்சையாத்தான்யா கீது" என்றாள்.

குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தாள். கரையேறித் திரும்பிப் பார்த்தேன். நைனா தலைமூட்டையை இறக்காமல் தண்ணீரைப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.